பெடல் தண்டை வளைக்கும் முன்

ஹாட் ராட் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1932 ஃபோர்டு. அந்த வண்டி வெளிவந்தபோது அதன் பிரேக்கில் எண்ணெயும் கிடையாது, குழாயும் கிடையாது. பெடலை மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்த இளைஞர்கள் அந்தப் பிரேக்கையும் பெடலையும் கழற்றி, பழைய சேஸிஸில் மாட்டத் தொடங்கினார்கள். ஒரு வண்டிக்காகச் செய்த பெடலை இன்னொரு வண்டியில் ஒட்டவைக்கும் வேலை இன்றுவரை தொடர்கிறது.

ஒட்டவைக்கும்போது இடிக்கும். பெரிய எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே வந்துவிட்டதால் கால் வைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. ஸ்டியரிங் தண்டு குறுக்கே நிற்கிறது, ஷூ அதில் சிக்குகிறது. பெடல் தண்டைக் கொஞ்சம் வளைத்தாலோ, வெட்டி நகர்த்தி வெல்டிங் வைத்தாலோ சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாகும்தான். ஆனால் இந்த ஒரு துண்டு இரும்பு போனால், நாலு சக்கரத்திலும் எவ்வளவு நல்ல டிஸ்க் இருந்தும் பயனில்லை.

பெடல் ஒரு நெம்புகோல். கடப்பாரையில் கல்லை நெம்புகிற அதே கணக்கு. சுழலும் அச்சிலிருந்து பாதம் படும் இடம் 300 மி.மீ., மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராட் மாட்டிய துளை 50 மி.மீ. என்றால் விகிதம் 6. காலால் 30 கிலோ அழுத்தினால் புஷ்ராடில் 180 கிலோ விழும். ஓர் அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ அழுத்தம். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 6-ஐ ஒட்டிய விகிதம் வேண்டும். பூஸ்டர் இருந்தால் 4 போதும்.

தண்டை மாற்றுகிறவர்கள் மேல்முனையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் ஆட்டம் காட்டுவது கீழே உள்ள துளை. மேலே 10 மி.மீ. கூட்டினால் விகிதம் 6.2 ஆகும், கால் அதை உணரக்கூட உணராது. அதே 10 மி.மீ. அளவுக்குத் துளையை அச்சை விட்டு விலக்கினால் விகிதம் 5-க்கு இறங்கி, பெடல் கல்லாகிவிடும். அச்சுப் பக்கம் நகர்த்தினால் 7.5, மிதிக்க லேசாக இருக்கும், ஆனால் சிலிண்டர் பிஸ்டன் 25 மி.மீ. நகர, பெடல் 190 மி.மீ. கீழே போகவேண்டும். அதற்குள் தரை வந்துவிடும். ஆகவே முடிந்தவரை துளையைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: தண்டின் நீளத்தை அதன் வளைவோடு சேர்த்து அளக்கக் கூடாது. அச்சிலிருந்து கால் அழுத்தும் திசைக்கோட்டுக்கு உள்ள நேர்த்தூரம்தான் கணக்கு. அழகாக வளைத்து நெளித்த தண்டில் இரும்பு நிறைய இருக்கும், விகிதம் குறைந்திருக்கும்.

இனி வலிமை. பதறிப்போய் மிதிக்கிற கால் 30 கிலோவோடு நிற்காது. மாணவர்கள் கட்டும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. பந்தய வண்டிகளின் விதி, பெடல் 2000 நியூட்டனை, அதாவது ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்கவேண்டும் என்கிறது. நம் வீட்டுப் பட்டறைக்கும் அது நல்ல அளவுகோல். மேலே சொன்ன 300, 50 அளவுள்ள தண்டை 10 × 30 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையில் செய்தால், அந்த விசையில் புஷ்ராட் துளையருகே சுமார் 330 மெகாபாஸ்கல் தகைவு வரும். சாதா எம்.எஸ். 250-ஐ ஒட்டியே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். அதே பட்டையை 10 × 40 ஆக்கினால் தகைவு 190-க்குக் கீழே இறங்கிவிடும். உயரம் கொஞ்சம் கூடினாலே இவ்வளவு பலன்.

அதில் பெடலை 5 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வளைவோடு முறுக்கும் சேரும். தட்டைப் பட்டைக்கு முறுக்கைத் தாங்கும் குணம் குறைவு. தோராயமாகப் பார்த்தாலும் 190 என்பது 220-ஐத் தொட்டுவிடும், மீதி இருப்பது கொஞ்சம்தான். பெடலைத் தள்ளி வைத்தே ஆகவேண்டும் என்றால் கனமான பட்டை போடுங்கள், அச்சுக் குழாயையும் அகலமாக்குங்கள். அழகுக்காகத் துளை போடும் பழக்கத்தை நான் அவ்வளவாகக் குறைசொல்ல மாட்டேன். 40 மி.மீ. உயரத்தின் நட்டநடுவில் 20 மி.மீ. துளை போட்டாலும் வளைவைத் தாங்கும் பலம் எட்டில் ஒரு பங்குதான் குறையும். ஓரத்தை நெருங்கினால் கதை வேறு. புஷ்ராட் அருகே வேண்டவே வேண்டாம்.

வளைப்பதா, வெட்டுவதா? என் கட்சி வளைப்பது; இன்னும் மேல், புதிய பட்டையில் முழுத் தண்டையே வெட்டியெடுப்பது. முதலில் இரும்பைத் தெரிந்துகொள்ளுங்கள். வார்ப்பிரும்புத் தண்டு என்றால் வளைக்கவும் கூடாது, வெல்டிங்கும் வைக்கக் கூடாது. எம்.எஸ். என்றால் நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, புஷ்ராட் துளைக்கும் மிதிக்கும் இடையில், பெரிய ஆரத்தில் மெதுவாக வளைத்து, காற்றிலேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்காதீர்கள். வெல்டிங்தான் வழி என்றால் இரு பக்கமும் 'வி' வடிவில் சாய்த்து, அடிவரை உருகிச் சேரும்படி வையுங்கள். துளையருகே வெட்டாதீர்கள், அங்கேதான் சுமை உச்சம். மேலே பளபளவென்று இருக்கும் ஒட்டு உள்ளே வெற்றிடமாக இருக்கலாம். சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனை மேற்பரப்பு விரிசலைத்தான் காட்டும், அடியில் உருகாமல் விட்டதைக் காட்டாது. அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மாட்டும்போது அச்சு போல்ட் இருபுறமும் தாங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கக் கூடாது. புஷ்ராட் பின்னுக்கு ஸ்பிளிட் பின் கட்டாயம். பெடலை விட்ட நிலையில் புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி வேண்டும். இல்லையேல் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் எண்ணெய் உள்ளே அடைபட்டு, ஓட ஓட பிரேக் தானாகவே இறுகும்.

பிறகு ஒரு பக்கத்து பிளீடரைத் திறந்து வைத்து மிதித்துப் பாருங்கள். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சுற்று செயலிழந்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அந்த ஆழத்திலும் தண்டு தரையிலோ ஸ்டியரிங்கிலோ இடிக்கக் கூடாது. பலரும் விட்டுவிடுகிற சோதனை இது. முடிந்ததும் பிளீடரை மூடி, காற்று நீக்கி, வண்டி நிற்கும்போதே இரண்டு காலாலும் முழுப் பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். கூட ஒருவர் டார்ச்சோடு குனிந்து பார்க்கட்டும்: தண்டு முறுகுகிறதா, அதைத் தாங்கும் பிராக்கெட் வளைகிறதா? பல வண்டிகளில் தண்டு அசையாது, அதைப் பிடித்திருக்கும் தகடுதான் நெளியும்.

பெயின்ட்டும் குரோமும் இதெல்லாம் முடிந்த பிறகு. ஓட்டிப் பார்க்கும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் தண்டு வெற்று இரும்பாகவே இருக்கட்டும், எண்ணெய் தடவினால் போதும். மயிரிழை விரிசல் விழுந்தால் அதன் ஓரத்தில் துருக் கோடு தெரியும், பெயின்ட் இருந்தால் அது மறைந்துவிடும்.