சீட்டுக்கட்டில் 21: விதி தெரிந்தவருக்கும் வெற்றி உறுதியில்லை

புது தில்லி: இணையவழியில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மக்களவையில் விவாதமின்றியே மசோதா நிறைவேறியது. திறமைக்கு இடமுள்ள ஆட்டமா, அதிர்ஷ்டத்தை மட்டுமே நம்பிய ஆட்டமா என்ற வேறுபாட்டை அச்சட்டம் பார்க்கவில்லை. ஆனால், கோவாவின் மாண்டவி நதியில் மிதக்கும் கேசினோ கப்பல்களின் சீட்டு மேசைகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனமாக இருப்பதால், மேசைக்கு உரிமம் தருவது மாநில அரசின் அதிகாரம்.

ஆடுவது எப்படி?: அந்த மேசைகளில் பலரும் விரும்பி அமர்வது "பிளாக்ஜாக்' எனப்படும் 21 ஆட்டம். ஆடுபவர் முதலில் பந்தயம் வைக்க வேண்டும். அவருக்கு இரண்டு சீட்டுகள் தரப்படும். நிர்வாகத்தின் சார்பில் ஆடும் ஊழியரின் ஒரு சீட்டு மட்டும் திறந்து வைக்கப்படும். ராஜா, ராணி, ஜாக் ஆகியவற்றுக்குத் தலா 10 புள்ளி. ஆஸுக்கு 1 அல்லது 11. மற்றவற்றுக்கு அவற்றின் எண்ணே புள்ளி. ஆடுபவர் மேலும் சீட்டு கேட்கலாம். போதும் என நிறுத்தியும் கொள்ளலாம். ஊழியருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 16 வரை அவர் சீட்டு எடுத்தாக வேண்டும்; 17-ஐ எட்டியதும் நிறுத்த வேண்டும். 21-ஐத் தாண்டாமல் அதற்கு நெருக்கமாக இருப்பவருக்கே வெற்றி. சமமானால் பந்தயப் பணம் திரும்பக் கிடைக்கும். முதல் இரு சீட்டுகளிலேயே 21 அமைந்தால் ரூ.100-க்கு ரூ.150 லாபம். சில மேசைகளில் இது ரூ.120 மட்டுமே என்பதால், அமரும் முன் விசாரிப்பது நல்லது.

லாபம் எங்கே?: ஆடுபவர்தான் முதலில் சீட்டு எடுக்கிறார். 21-ஐத் தாண்டினால் அப்போதே பணம் போய்விடும். பின்னர் ஊழியரும் தாண்டினாலும் அது திரும்பாது. நிர்வாகத்தின் ஆதாயம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஊழியரின் திறந்த சீட்டு 4, 5, 6 ஆக இருந்தால், ஆஸ் இல்லாமல் 12 முதல் 16 வரை வைத்திருப்பவர் நிறுத்திவிட வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு சீட்டு கேட்க வேண்டும். இத்தகைய கணக்குகளைப் பிசகாமல் பின்பற்றினால், சாதகமான விதிகள் உள்ள மேசையில் இழப்பு சராசரியாக ரூ.100-க்கு சுமார் 50 காசு. மனம் போன போக்கில் ஆடினால் பல மடங்கு.

திறமையா, சூதா?: விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 21 ஆட்டத்திலும் நினைவாற்றல் கைகொடுக்கும் என்பதை அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் தார்ப் 1962-ல் நூலாகவே எழுதிக் காட்டினார்.

வரி விதிப்பு இந்த வாதங்களுக்குக் காத்திருக்கவில்லை. கேசினோக்களுக்கான ஜி.எஸ்.டி., 2023 அக்டோபர் 1 முதல் டோக்கன் வாங்கச் செலுத்தும் முழுத் தொகையின் மீது 28 சதவீதமாகவும், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 50 காசைக் காப்பாற்றும் திறமை இதன் முன் எம்மாத்திரம்?

கேசினோக்களுக்கு உரிமம் வழங்கும் கோவா அரசு, தன் மாநில மக்கள் அவற்றில் ஆட 2020 பிப்ரவரி 1 முதல் தடை விதித்தது. உள்ளூர் மக்களுக்கு ஆகாத ஆட்டம் வெளியூர்க்காரருக்கு மட்டும் எப்படி ஆகும் என்ற கேள்விக்கு, இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்த சட்டத்தில் விடையில்லை.