உள்ளங்கையில் ஒரு நாணயம்

கண்ணாற் கண்டு கற்கவேண்டிய ஒரு வித்தையைக் காதுக்கு எடுத்துச் சொல்ல முற்படுகின்றேன். சற்று விபரீதமான முயற்சிதான். ஆயினும் உங்கள் அருகே ஒரு நாணயக்குற்றி இருக்குமாயின், அதனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லாமல் விடுவதை அக்குற்றியே உங்களுக்குக் கற்பிக்கும்.

காசை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, அது வெறுங்கை என்று காண்போரை நம்பச்செய்வதே கைவித்தை பயில்வோரின் முதற்பாடம். ஆங்கிலேயர் உள்ளங்கையின் பெயரையே வினைச்சொல்லாக்கி இச்செயலுக்கு இட்டுள்ளனர். நமக்கு அச்சிரமம் இல்லை. கரம் என்றாற் கை. கரத்தல் என்றால் மறைத்தல். காசு கரத்தல் என்று சொல்லிவிடலாம். நாணயம் என்னும் சொல்லுக்கு நேர்மை என்றும் ஒரு பொருள் உண்டென்பதை மட்டும் வித்தைக்காரரிடம் நினைவூட்டாதிருப்பது நன்று.

இதனைச் சிறுவர் விளையாட்டென்று எண்ணிவிடலாகாது. 1584ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த றெஜினால்ட் ஸ்கொட் என்பவர் சூனிய நம்பிக்கைகளைக் கண்டித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைப் பெண்கள் தூக்கிலே தொங்கவிடப்பட்ட காலம் அது. பேயின் துணையால் நிகழ்வதாக மக்கள் அஞ்சிய பலவும் வெறும் கைத்திறனே என்று காட்டுவதற்காக, வித்தைக்காரரின் இரகசியங்களை அவர் அந்நூலிலே விளக்கி எழுதினார். காசை வைக்கத்தக்க முதன்மையான இடம் உள்ளங்கையே என்பதும், பயிற்சி முதிர்ந்தால், மிகச் சிறியது தவிர, எந்தக் காசும் ஒன்றுபோலாகிவிடும் என்பதும் அவர் கூறியவை. நாலு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்விரண்டிலும் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

இனி, உங்கள் கையிலுள்ள காசுக்கு வருவோம். அது பெரியதாக இருப்பது நல்லது. அமெரிக்க வித்தைக்காரர் பெரிதும் விரும்பும் அரை டொலர்க் குற்றியின் குறுக்களவு 30.6 மில்லிமீற்றர். பிரித்தானியர் காலத்து வெள்ளி ரூபாயும் ஏறக்குறைய அதே அளவினது. பாட்டிமாரின் பெட்டியில் ஒன்று கிடைத்தால் உங்கள் பாக்கியம். விளிம்பிலே வெட்டுக்கோடுகள் உள்ள குற்றி தோலைப் பற்றிக்கொள்ளும்; வழவழப்பானது நழுவும். மிகவும் உலர்ந்த கையிலும் நழுவும். நமது வெப்பநாட்டில் உள்ளங்கை சிறிதே ஈரமாயிருப்பது இந்த ஒரு வேலைக்காவது உதவுகின்றது.

நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனியிலே காசைக் கிடத்துங்கள். அவ்விரல்களை மடக்கி, காசை உள்ளங்கையின் நடுவிலே பதியுங்கள். பெருவிரலின் அடியிலே ஒரு தசைமேடு உண்டு. சுண்டுவிரலின் பக்கத்திலே மற்றொன்று உண்டு. காசின் விளிம்பு இவ்விரு மேடுகளுக்கும் இடையில் அகப்படவேண்டும். விரல்களை விலக்கிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். காசு விழுந்துவிட்டதா? விழத்தான் செய்யும். முதல் வாரம் முழுவதும் அதுவே நிகழும். சீமெந்துத் தரையிலே நின்று பழகினால் வீட்டார் அனைவருக்கும் உங்கள் முயற்சி பறைசாற்றப்படும். ஆதலாற் கட்டிலருகே அல்லது பாய்மேலே நின்று பழகுங்கள். சில நாட்களிற் காசு எந்த இடத்திற் சிக்குகின்றதென்பதைக் கையே கண்டுகொள்ளும். அவ்விடம் ஆளுக்கு ஆள் மயிரிழை வேறுபடும். அதைப் பிறர் காட்டித்தர இயலாது.

இதைவிட எளிய பிடி ஒன்றும் உண்டு. அவ்விரு விரல்களின் அடிக்கணு மடிப்பிலே காசைக் கிடத்தி, விரல்களைச் சற்றே வளைத்துக்கொள்ளுதல். தொங்கும் கையில் விரல்கள் தாமாகவே வளைந்திருப்பதால் இது எவருடைய ஐயத்தையும் கிளப்பாது. புதிதாகத் தொடங்குவோர் இதனையே முதலிற் பழகவேண்டும் என்பது என் துணிபு. புத்தகங்கள் பெரும்பாலும் கடினமானதையே முன்வைக்கின்றன. ஆரம்பகாரர் பலர் மனஞ்சோர்ந்து விட்டுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிற்க. பிடி வந்துவிட்டது, காசு விழவில்லை என்றவுடன் வித்தை கைகூடிவிட்டதென்று நானும் எண்ணியதுண்டு. ஒரு மாதப் பயிற்சியின் பின், என் தம்பியின் ஏழு வயது மகளை முன்னே இருத்தி, வலக்கையிலிருந்த காசை இடக்கைக்கு மாற்றுவதுபோற் பாவனை செய்து, இடக்கையை மூடி, ஊதித் திறந்து காட்டினேன். காசு இல்லை. குழந்தை இடக்கையைப் பார்க்கவே இல்லை. என் வலக்கையை இரக்கத்தோடு பார்த்து, “பெரியப்பா, அந்தக் கை நோகுதோ?” என்று கேட்டாள்.

அவள் தந்திரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. காசு எங்கே என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆனால் பெருவிரல் விறைத்து, மணிக்கட்டு வளைந்து, பலகைபோல் நின்ற அக்கை நலமாக இல்லை என்பது மட்டும் ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; குற்றமுள்ள கையும் அப்படியே. மறைப்பது எளிது. மறைக்காதவன்போல் இருப்பதே அரிது.

இதனை நன்குணர்ந்தவர் பிரான்சு தேசத்து றொபேர் ஊடான். 1805இற் பிறந்து, மணிக்கூடு செய்யுந் தொழிலிலிருந்து வித்தைமேடைக்கு வந்தவர். தெருவிலே நடந்து செல்கையிலும் தம் சட்டைப்பைகளுக்குள்ளே கைகளை விட்டுக் காசையும் சீட்டையும் பழகியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றிலே அவர் எழுதியுள்ளார். மேலே ஊரைப் பார்த்துக்கொண்டு நடக்கும் கனவான். கீழே ஓயாது உழைக்கும் விரல்கள். இதன் பயன் விரலின் வேகம் அன்று. கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, மனிதர் அதனை மறந்திருக்கப் பழகுதலே பயன். ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலே புகையிரதத் தந்திப் பணியாளராயிருந்த நெல்சன் டவுன்ஸ் என்பவரும் இவ்வாறே காசோடு வாழ்ந்தவர். வெறுங்காற்றிலிருந்து காசுகளைப் பறித்துத் தொப்பியிலே போடும் அவருடைய வித்தை 1899இல் இலண்டன் பலஸ் அரங்கையே வியக்கவைத்தது. மறு ஆண்டு, காசு வித்தைக்கென்றே ஒரு நூல் அவர் பெயரில் வெளிவந்தது.

ஆகவே, காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வீட்டு வேலைகளைச் செய்யுங்கள். கதவைத் திறவுங்கள், புத்தகத்தின் தாளைப் புரட்டுங்கள், செம்பை எடுத்து நீர் வாருங்கள். இரண்டு நாள் காசு விழும். மூன்றாம் நாள் கை விறைக்கும். பின்னர் ஒருநாள் நீங்கள் அதனை மறந்தேவிடுவீர்கள். நான் ஒருமுறை சோறுண்ண உட்கார்ந்து பிசையத் தொடங்கியபோது கோப்பையிலே கலீரென்று விழுந்த ஓசை கேட்டுத்தான், காலை முதல் கையிலே காசு இருந்ததை உணர்ந்தேன். கைகழுவாமல் உண்ண உட்கார்ந்தேன் என்பது இதனால் வெளிப்பட்டு, அதற்குரிய ஏச்சையும் பெற்றேன்.

கையை மறந்தபின் கண்ணைக் கவனிக்கவேண்டும். இதற்கு அண்மைக்கால ஆராய்ச்சி நல்ல விளக்கந் தருகின்றது. பந்தொன்றை இருமுறை மேலே எறிந்து பிடித்து, மூன்றாம் முறை எறிவதுபோற் பாவனை மட்டும் செய்தால், அது மேலே சென்று மறைந்ததாகவே பலருக்குத் தோன்றும். உளநூலாளர் நோமன் திரிப்லெற் இதனை 1900ஆம் ஆண்டிலேயே சிறுவரிடம் சோதித்து எழுதினார். 2006இலே குஸ்தாவ் கூன், மைக்கல் லான்ட் என்னும் இருவர் பார்ப்போரின் விழியசைவை அளக்குங் கருவிகொண்டு மீண்டும் சோதித்தனர். வித்தைக்காரர் தம் பார்வையை மேலே செலுத்தியபோது ஏறக்குறைய மூவரில் இருவர், இல்லாத பந்து பறந்ததைக் கண்டதாகக் கூறினர். அவர் தம் கையையே பார்த்தபோது மூவரில் ஒருவரே ஏமாந்தனர். அந்நேரம் பார்ப்போரின் கண்களோ பந்தின் வழியே மேலே செல்லவில்லை. பெரும்பாலும் வித்தைக்காரரின் முகத்திலேயே இருந்தன.

காசுக்கும் இதுவே விதி. இடக்கையிற் காசு இருப்பதாக நீங்களே நம்பி அதனைப் பாருங்கள். மெய்யாகவே காசை இடக்கையில் வைத்து மூடும் செயலை முதலிற் பத்துமுறை செய்யுங்கள். மூடிய கை எவ்வளவு பருத்திருக்கின்றது, வைத்த கை எப்படிச் சோர்ந்து கீழிறங்குகின்றது, கண் எங்கே செல்கின்றது என்பவற்றைக் கவனியுங்கள். பதினொராம் முறை காசை வலக்கையில் நிறுத்திக்கொண்டு, முந்திய பத்தையும் போலவே செய்யுங்கள். மூடிய கையை உடனே திறந்துவிடாதீர்கள். ஒரு பேச்சுப் பேசி, ஓர் ஊது ஊதுங்கள்; அந்த இடைவேளையிலே வலக்கையைப் பார்ப்போர் மறந்துவிடுவர்.

கண்ணாடி முன்னே பழகுவோருக்கு ஓர் எச்சரிக்கை. காசை மாற்றும் கணத்திலே நம்மை அறியாமல் நாம் கண்ணை மூடித் திறக்கின்றோம். கண்ணாடியிலே எல்லாம் சரியாகத் தோன்றும். பிழை நிகழும் கணத்தில் நாம்தான் குருடராயிருக்கின்றோமே! நண்பர் ஒருவரைப் பார்க்கச் சொல்வது மேல். கைப்பேசியிலே படம் பிடித்துப் பார்ப்பது அதனினும் மேல். நண்பர் முகத்தாட்சணியத்துக்காகப் பொய் சொல்லக்கூடும்.

நம் வீடுகளிலே பாய்விரித்துச் சுற்றிவர இருக்கும் குழந்தைகளிடையே செய்வது மேடையிற் செய்வதைவிடக் கடினம் என்பதையும் சொல்லவேண்டும். பக்கத்திலும் பின்னாலும் கண்கள் இருக்கும். சுவரோரமாக நில்லுங்கள், ஒருமுறை செய்ததை உடனே மறுமுறை செய்யாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

மூன்று மாதங்களின் பின் அதே குழந்தை மீண்டும் என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலே நின்றபடியே, “கை இப்ப சுகமோ, பெரியப்பா?” என்றாள். சுகம் என்று சொல்லி, அந்த வலக்கையாலேயே அவள் தலையைத் தடவி உள்ளே அழைத்துச் சென்றேன். காசு அதற்குள்ளேதான் இருந்தது.