தள்ளுவண்டியில் வந்த அருங்காட்சியகம்

2016 பிப்ரவரியில் மும்பையின் தாராவிச் சந்துகளில் ஓர் அருங்காட்சியகம் உருண்டு வந்தது. கட்டடமோ நுழைவுச்சீட்டோ கிடையாது. ஒரு தள்ளுவண்டிதான் காட்சிக்கூடம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஹோர்ஹே மான்யஸ் ரூபியோ, அமாண்டா பினாட்டி இருவரும் தொடங்கிய 'டிசைன் மியூசியம் தாராவி' அது. பழம்பொருள் எதையும் அது காட்டவில்லை. இங்குள்ள கைவினைஞர்கள் தங்கள் பட்டறைகளிலேயே செய்த பொருள்களை, அவர்கள் தெருவிலேயே காட்சிக்கு வைத்தது. குறுகிய காலமே ஓடிய முயற்சி என்றாலும், செய்தவரையே முதல் பார்வையாளராக்கியது பெரிய காரியம்.

அந்த வண்டிக்குப் பின்னால் இருப்பது நீண்ட வரலாறு. தாராவியின் கும்பார்வாடாப் பகுதிக் குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். பானை, அகல்விளக்கு, தேநீர்க் குவளை எல்லாம் இன்றும் இங்கேதான் சுடப்படுகின்றன. தோல் தொழிலை வளர்த்ததில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களின் பங்கு பெரிது. 1970-களின் தொடக்கத்தில் பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாறியது. அதனோடு தோல் பதனிடும் தொழிலும் மெல்ல வெளியேறியது; பை, பெல்ட் தைக்கும் பட்டறைகள் தங்கிவிட்டன. (நெல்லைத் தமிழும் தங்கிவிட்டது, தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் நடந்தால் காதில் விழும்.)

கும்பார்வாடாவைப் பார்க்கப் போனால், சூளை எரியும்போது கண் எரியும், சற்றுத் தள்ளி நில்லுங்கள். சக்கரத்தில் இருப்பவரைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். சொன்ன விலைக்கு ஒரு குவளையாவது வாங்கிச் செல்லுங்கள்.