ஊராட்சியா, டவுனா? ஆண்களின் வேலையை மட்டும் பார்க்கும் கணக்கு

2025 டிசம்பர் 31 நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "எங்க ஊரை டவுன்ல சேர்த்துட்டாங்களாமே, நூறு நாள் வேலை போயிடுமா?" ஓர் அம்மா தன் வேலை அட்டையின் நகலையே உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். மடித்து மடித்து வைத்ததில் அட்டையின் நடுமடிப்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது நகலிலும் தெரிகிறது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை எந்த ஊரின் எல்லையையும் மாற்றக் கூடாது. மாற்றுவதாக இருந்தால் 2025 டிசம்பருக்குள் முடிக்க வேண்டியிருந்தது. 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வேறு 2025 தொடக்கத்தில் வந்தது. டீக்கடை வரை பேச்சு பரவியதில் வியப்பில்லை.

குழப்பத்துக்குக் காரணம், 'டவுன்' என்ற சொல்லுக்கு அரசிடம் இரண்டு பொருள் இருப்பது. ஒன்று, மாநில அரசு ஆணை போட்டு அறிவிக்கும் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. மற்றொன்று, கணக்கெடுப்புத் துறை தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும் 'சென்சஸ் டவுன்'. இரண்டாவது வகை ஊரில் எதுவும் மாறாது. ஊராட்சி மன்றம், கிராம சபை, ஊராட்சிச் செயலர் எல்லாம் அப்படியே இருக்கும். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமும் நகர்ப்புற உள்ளாட்சியோ கன்டோன்மென்ட்டோ இல்லாத எல்லா இடத்தையும் ஊரகம் என்றே சொன்னது. ஆகவே சென்சஸ் டவுன் ஆனதால் வேலை போகாது. ஆணை வந்து பேரூராட்சி ஆனால் போகும்.

அந்தப் பட்டியலில் ஓர் ஊர் எப்படி ஏறுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1961-இல் வந்த அளவுகோல், சிறு மாற்றங்களோடு இன்றும் அதுவே. 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசிக்க வேண்டும். முதன்மை வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதத்தினர் விவசாயம் தவிர்த்த வேலையில் இருக்க வேண்டும். கவனியுங்கள், ஆண்களில். ஆண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர் முதன்மை வேலையாளர்.

காலை ஐந்தரைக்கு ஊர் முக்கில் கம்பெனி பஸ் வந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. எட்டு மணிக்கு அதே முக்கைத் தாண்டி, தூக்குச்சட்டியோடு பெண்கள் களை எடுக்கப் போகிறார்கள். முதன்மை வேலை செய்யும் ஆண்கள் 1,000 பேரில் 760 பேர் பஸ் ஏறினால், மக்கள்தொகையும் நெருக்கமும் பொருந்தும்பட்சத்தில் அந்த ஊர் நகரம். வயலுக்குப் போன பெண்கள் 800 பேராக இருந்தாலும் அந்த விகிதத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். தங்கள் ஊர் எது என்று முடிவாகும் இடத்தில் அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இதைவிடக் கவலை தருவது காலக் கணக்கு. 2011 பட்டியலில் எந்த ஊர்கள் சேரும் என்பதை, கணக்கெடுப்புக்கு முன்பே, 2001 விவரத்தை வைத்து முடிவு செய்தார்கள். பத்தாண்டில் ஊர் பெருத்திருக்கும் என்று 5,000 வரம்பை 4,000 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். இப்போதும் அதே வழி என்றால், 2027-இன் ஊரை 2011-இல் ஆண்கள் பார்த்த வேலை தீர்மானிக்கும். பதினாறு ஆண்டில் தறி நின்றிருக்கலாம், சிப்காட் வந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள் என்று பெருமையாகச் சொல்லப்படுவதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2001-லும் 2011-லும் சட்டப்படியான நகரங்கள் 721-தான். சென்சஸ் டவுன்கள் 111-இலிருந்து 376 ஆகின. அவற்றில் வாழ்பவர்கள் கணக்கில் நகரவாசிகள். சாக்கடைக்கும் குப்பைக்கும் ஊராட்சி நிதிதான்.

வெறும் பட்டியல்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 2016-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம், நாடு முழுவதும் 3,784 சென்சஸ் டவுன்களைச் சட்டப்படியான நகர உள்ளாட்சிகளாக மாற்றும்படி மாநிலங்களைக் கேட்டது. பெயர் மாற்றம் மக்களின் முன்னேற்றத்துக்கே என்ற விளக்கத்தையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 2004-இல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கியது, ஊரகத் திட்ட நிதி பெறுவதற்காக. 2006-இல் அவை மறுபடி பேரூராட்சிகள் ஆயின. இரண்டு முறையும் தெருவும் வயலும் இருந்தபடியே இருந்தன.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பேரூராட்சியானால் கிராம சபை உண்டா? இல்லை.

வீட்டு வரி? ஊராட்சி விகிதம் போய் பேரூராட்சி விகிதம் வரும்.

தலைவரே இல்லையே, யார் ஆட்சேபிப்பது? 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மனுவை ஊர்மக்களே மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அட்டை அனுப்பிய அம்மாவுக்கு: ஊர் டவுன் ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும் அரசாணை எண்ணையும் தேதியையும் கேளுங்கள். ஆணை இல்லையென்றால் உங்கள் ஊர் ஊராட்சிதான், டவுன் என்ற பேச்சால் உங்கள் அட்டை செல்லாமல் போகாது.