டிவி பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி: சூடு தணிய வழி விடுவோம்



சென்ற கோடை விடுமுறையில் நமது அறக்கட்டளைக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்திலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். சித்தேரியில் பிள்ளைகளின் பாட மையத்தில் உள்ள டிவியோடு ஒரு சிறிய கணினியை இணைத்து வைத்திருந்தோம். உள்ளங்கை அகலமே உள்ள பெட்டி அது. அதில் ஃபேன் கிடையாது, சத்தமும் கிடையாது. பாட வீடியோக்களை அதிலேயே பதிந்து வைத்திருந்ததால் இணையம் இல்லாமலும் ஓடியது. மழைக்காலம், பனிக்காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை.

சித்திரை மாதம் விடுமுறை வகுப்புக்காக அதே பெட்டியை அரூருக்குக் கொண்டுவந்தோம். அங்கே டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷெல்ஃப் இருந்தது. தூசி படக்கூடாது என்று பெட்டியை அதற்குள் வைத்து, மேலே ஒரு பூ வேலை செய்த துணியையும் விரித்து, கதவைச் சாத்திவிட்டோம். இருபது நிமிடம் படம் நன்றாக ஓடும். பிறகு திக்கித் திக்கி நிற்கும். கடைசியில் தானே அணைந்து மறுபடி எழும்பும். பழுது பார்ப்பவரிடம் காட்டினோம். "போர்டு போச்சு பாய், புதுசு வாங்கிடுங்க" என்றார். புதிது வாங்க ஐந்து இலக்கத்தில் பணம் வேண்டும். பொதுப் பணம் என்பதால் தயங்கினோம்.

வகுப்புக்கு உதவ வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "பாய், ஷெல்ஃபை விட்டு வெளியே வைத்து ஒரு நாள் பார்க்கலாமா?" என்று கேட்டார். துணியை எடுத்து, பெட்டியை மேசை மேல் வைத்தோம். அன்று மாலை வரை நிற்காமல் ஓடியது. இன்றும் ஓடுகிறது. போர்டு போகவில்லை. நாம்தான் அதற்கு மூச்சு விட இடம் தராமல் வைத்திருந்தோம்.

இப்போது பல வீடுகளில் இதுபோன்ற பெட்டிகள் வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ், ராஸ்பெரி பை, மினி கம்ப்யூட்டர் என்று பெயர்கள் பல. வைக்கும் இடம் சரியில்லாததால், நல்ல பொருளைக் கெட்டது என்று தூக்கிப் போடும் வீண்விரயம் நம் வீடுகளில் நடக்கக்கூடாது. அதற்காகவே இந்த விளக்கம்.

ஃபேன் ஏன் வைக்கவில்லை?

எந்தக் கணினியும் தான் இழுக்கும் மின்சாரம் அனைத்தையும் கடைசியில் சூடாகவே வெளியே விடுகிறது. பெரிய கணினியில் அந்தச் சூட்டை ஃபேன் தள்ளிவிடுகிறது. டிவி பக்கத்தில் வைக்கும் பெட்டியில் ஃபேன் இருந்தால் அதன் இரைச்சல் பேச்சுச் சத்தத்தோடு கலக்கும். தூசியை உள்ளே இழுக்கும். நாளடைவில் தேய்ந்து நிற்கும். அதனால், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிராசசரைப் போட்டு, ஃபேனை விட்டுவிடுகிறார்கள். இன்டெல் கம்பெனியின் என்100 பிராசசருக்கு அந்தக் கம்பெனி குறித்திருக்கும் அளவு 6 வாட் மட்டுமே. வீட்டு எல்இடி பல்பு அளவுதான்.

6 வாட்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. அந்தச் சூடு முழுவதும் விரல் நகம் அளவு இடத்தில் பிறக்கிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் ஒரு சில நிமிடங்களிலேயே அளவு மீறிவிடும்.

சூடு போகும் பாதை

பாதை இரண்டு கட்டம். முதலில் பிராசசரிலிருந்து உலோகத்துக்கு, பிறகு உலோகத்திலிருந்து காற்றுக்கு.

முதல் கட்டம் எளிது. சால்னா கொதிக்கும்போது அலுமினியக் கரண்டியை உள்ளே விட்டுவைத்தால் கைப்பிடி வரை சுடும், மரக் கரண்டி சுடாது. உலோகம் சூட்டை விரைவாகக் கடத்தும். அசையாமல் நிற்கும் காற்றோடு ஒப்பிட்டால் அலுமினியம் பல ஆயிரம் மடங்கு அதிகமாகக் கடத்துகிறது. அதனால்தான் நல்ல பெட்டிகளில் பிராசசர் மேல் அலுமினியத் துண்டு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். இதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். சில பெட்டிகளில் வெளிக்கூடே ஹீட் சிங்க். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே காற்று புகுந்து தடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைத் தடவுகிறார்கள்.

இரண்டாம் கட்டம்தான் கடினம், அது நம் கையில் இருக்கிறது. உலோகத்தைத் தொடும் காற்று சூடாகி, லேசாகி, மேலே போகும். அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். அடுப்பங்கரைப் புகைக்கூண்டு வேலை செய்வது இப்படித்தான். கீழேயும் மேலேயும் வழி இருந்தால் பெட்டி தானே மூச்சு விடும். வழியை அடைத்தால் அதே காற்று திரும்பத் திரும்பச் சூடாகும். பிரியாணிச் சட்டியை மூடி மாவு பூசித் தம் போடுவது சூடு வெளியே போகாமல் இருக்கத்தான். கண்ணாடி ஷெல்ஃபுக்குள் பெட்டியை வைத்துத் துணி மூடியபோது நாங்களும் அதற்குத் தம் போட்டோம்!

மலையில் ஓடியது, அரூரில் ஏன் நின்றது?

ஃபேன் இல்லாத பெட்டி, அறையைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் இருக்க முடியாது. அறையின் சூட்டின் மேல்தான் அதன் சூடு ஏறி உட்காரும். கணக்கு எளிது: அறையின் சூடு, கூட்டல் பெட்டியின் சொந்தச் சூடு.

ஒரு பெட்டி வேலை செய்யும்போது அறையைவிட 40 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்தேரியில் மார்கழி இரவில் அறை 18 டிகிரி என்றால் பிராசசர் 58 டிகிரியில் நிற்கும். அரூரில் சித்திரை மதியம், ஓட்டு வீட்டுக்குள் 38 டிகிரி என்றால் அதே பெட்டி, அதே வீடியோ, 78 டிகிரி. மூடிய ஷெல்ஃபுக்குள் காற்றே 48 டிகிரிக்குப் போனால் 88. பெட்டி மாறவில்லை. சுற்றியுள்ள காற்றுதான் மாறியது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, சேலம், வேலூர், கரூர் பரமத்தி ஆகிய ஊர்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. குளிர்காலத்தில் வாங்கி "நன்றாக ஓடுகிறது" என்று சொல்லும் பெட்டிக்கு உண்மையான சோதனை கோடையில்தான்.

வெளிநாட்டுக் கம்பெனிகளும் கற்ற பாடம்

1980-ல் ஆப்பிள் கம்பெனி 'ஆப்பிள் 3' என்ற கணினியை ஃபேனும் காற்றுத் துளையும் இல்லாமல், கனமான அலுமினியக் கூட்டோடு வெளியிட்டது. தொடக்கத்தில் விற்றவற்றில் பல பழுதாகி, ஆயிரக்கணக்கில் மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பழுதுகளுக்குச் சூடும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ராஸ்பெரி பை கதை இன்னும் பயனுள்ளது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 2012-ல் வந்த மலிவு விலைக் கணினி இது. 2019 ஜூனில் வந்த நான்காம் பதிப்பு வேகம் அதிகம், சூடும் அதிகம். 80 டிகிரியைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 85 டிகிரியில் படம் காட்டும் பகுதியின் வேகத்தையும் குறைக்கும். அதே ஆண்டு அந்த நிறுவனமே வெளியிட்ட சோதனையில், போர்டைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தினாலே சூடு குறைகிறது என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் காற்று மேலேறிப் போக வழி கிடைப்பதே காரணம். அடுத்த ஆண்டு, 2020 நவம்பரில், விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கிய பை 400 வந்தது. அதன் உள்ளே அகலமான உலோகத் தகடு ஒன்றை வைத்தார்கள். ஃபேன் இல்லாமலே அது தன் முழு வேகத்தில் ஓடியது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: உலோகப் பரப்பு அகலமாக இருக்க வேண்டும், காற்று மேலே போக வழி இருக்க வேண்டும்.

தொட்டால் சுடுகிறதே, கெட்டுப்போகுமா?

பலர் கேட்கும் கேள்வி இது. உலோகக் கூடு சுட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது என்றே அர்த்தம். ஐந்து விநாடி கை வைக்க முடிந்தால் பெரும்பாலும் சரி. வைத்ததும் கையை எடுக்கும்படி சுட்டால் இடத்தை மாற்றுங்கள். சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டி வெளியே குளிர்ச்சியாக இருந்தால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. சூடு உள்ளேயே அடைபட்டிருக்கலாம்.

சரியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டு. டிவியில் படம் பார்க்க உதவும் 'கோடி' என்ற இலவச மென்பொருளில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போனால், பல பெட்டிகளில் பிராசசர் சூடு எண்ணாகவே தெரியும். அரை மணி நேரம் வீடியோ ஓடிய பிறகு பாருங்கள். 70-க்குள் இருந்தால் நிம்மதி. 80-ஐ நெருங்கினால் நடவடிக்கை வேண்டும்.

படம் திக்குவது, தானே அணைவது எல்லாம் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் உதிரி பாகங்கள் சீக்கிரம் மூப்படையும். மின்தேக்கிகளைப் பொறுத்தவரை, 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மூடிய ஷெல்ஃப், டிராயர் வேண்டாம். வேறு இடமே இல்லை என்றால் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிடுங்கள். ஷெல்ஃபின் பின்பலகையில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை போடுங்கள். ஒரே துளை போதாது.

2. பெட்டியின் மேல் துணி, குர்ஆன் ரைல், பூச்சாடி, புத்தகம் எதையும் வைக்காதீர்கள். சுற்றிலும் நான்கு விரற்கடை, மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

3. செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் மோடம், இந்தப் பெட்டி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கீழே இருப்பதன் சூடு மேலே இருப்பதைத் தாக்கும்.

4. டிவியின் பின்பக்கம் மாட்டுவதாக இருந்தால் கீழ்ப் பகுதியில் மாட்டுங்கள். டிவியின் சூடு மேலேதான் சேரும்.

5. அடியில் துளை உள்ள பெட்டியைச் சோபா மேலோ, பாய் மேலோ வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் நான்கு பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கி நிறுத்தினால் அடியிலும் காற்று போகும். பக்கவாட்டில் நிறுத்தும்படி செய்த பெட்டியை நிறுத்தியே வையுங்கள்.

6. வெயில் விழும் ஜன்னல் ஓரமும், சமையலறைச் சுவரும், இன்வெர்ட்டர் பேட்டரி பக்கமும் வேண்டாம். பெட்டியின் அடாப்டரையும் துணிக்கு அடியில் தள்ளாதீர்கள், அதுவும் சூடாகும் பொருளே.

7. டிவியை அணைத்தால் பெட்டி அணைவதில்லை. 10 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு கால் யூனிட், இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல். வேலை முடிந்ததும் முறைப்படி ஷட் டவுன் செய்து, சுவிட்சையும் அணையுங்கள்.

8. டிவி சாதாரண ஃபுல் ஹெச்டி என்றால் 4கே வீடியோவை ஓட்டிப் பயனில்லை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பெட்டிக்குத்தான் வேலை கூடும்.

9. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கதகதப்பான இடம் என்று எறும்பும் பல்லியும் தேடி வரும், துளைகளைப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

ஈரத்துணி போடுவது, ஐஸ் பை வைப்பது, ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது மூன்றும் ஆபத்து. குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து போர்டைக் கெடுக்கும். வாரண்டி காலம் முடியும் முன் பெட்டியைப் பிரிக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் கோடை மதியத்தில் சூடு குறையவில்லை என்றால், யுஎஸ்பியில் ஓடும் சிறு ஃபேன் ஒன்றைப் பக்கத்தில் மெதுவாகச் சுழல விடுங்கள். மெல்லிய காற்று போதும். அறையின் சீலிங் ஃபேன் ஓடினாலே சில டிகிரி குறைவதை எண்ணில் பார்க்கலாம். அரூர் வகுப்பில் இன்று நாங்கள் செய்வது அதுதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே விலையில் இரண்டு இருந்தால், பளபளப்பான பிளாஸ்டிக் பெட்டியை விட்டு, கனமான, மடிப்பு மடிப்பாக உள்ள அலுமினியக் கூட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த மடிப்புகள் காற்று தொடும் பரப்பைக் கூட்டுவதற்காக வைத்தவை.

உங்கள் வீட்டுப் பெட்டி திக்கினால், புதிதாக வாங்கும் முன் ஒரே ஒரு நாள் அதைத் திறந்த இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஞாயிறு அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த மாணவரும் அவருடைய நண்பர்களும் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ். பழுது பார்ப்பவரின் பேச்சைக் கேட்டிருந்தால் அன்று நாம் செலவழித்திருக்கும் தொகை, இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க உதவியது.

வஸ்ஸலாம்.

செயலாளர்