வீட்டோடு ஒரு பயணம்

புறநானூற்றில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு ஒன்றிலே உப்பு வணிகரின் வண்டி வருகிறது. அவ்வணிகருக்கு உமணர் என்று பெயர். கடற்கரையில் விளைந்த உப்பை ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான வழியில் அவர்கள் உள்நாடு நோக்கிச் செல்லுவார்கள். நடுவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது? அதற்காக வண்டியின் அடிமரத்திலே மற்றோர் அச்சையும் கட்டி வைத்திருப்பார்களாம். சேமவச்சு என்பது அதன் பெயர். பெரும்பாணாற்றுப்படையிலும் உமணர் வண்டியைக் காண்கிறோம். அதிலே கோழிக்கூடு இருக்கிறது. காடி வைத்த கலம் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிச் செல்லுகிறாள். குடும்பமே வண்டியில் ஏறிப் போகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, இன்று நான் சொல்லப் போவதும் அத்தகைய வண்டி ஒன்றைப் பற்றியதே. எருதுக்குப் பதிலாக டீசல் எஞ்சின். காடிக் கலத்துக்குப் பதிலாகக் குளிர்ப்பெட்டி. ஆங்கில நாடுகளில் இதனை 'மோட்டார் ஹோம்' என்கிறார்கள். நாம் மோட்டார் வீடு என்று சொல்லிக்கொள்ளலாம். சென்னையிலே 'கேரவன்' என்றவுடன் நடிகர்கள் ஓய்வு கொள்ளும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கிலாந்து, நியூசிலாந்து போன்ற இடங்களில் காரின் பின்னே இழுத்துச் செல்லப்படும் வீட்டுக்கே அப்பெயர். எஞ்சினும் வீடும் ஒரே சட்டத்தின் மேல் அமைந்திருந்தால் அது மோட்டார் வீடு. பொழுதுபோக்குக்காகவே இப்படி ஒரு வீட்டை முதலில் செய்துகொண்டவர் என்று கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவரைச் சொல்லுவார்கள். 1885ஆம் ஆண்டில் அவர் செய்வித்த 'வாண்டரர்' என்னும் வண்டியைக் குதிரைகள் இழுத்தன.

என் மகளும் மருமகனும் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள கிறைஸ்ட்சர்ச் நகரில் வசிக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அதாவது அங்கே கோடைக்காலத்தில், நானும் என் இல்லாளும் அங்குச் சென்றிருந்தபோது, மோட்டார் வீடு ஒன்றைப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். பேரனையும் சேர்த்து ஐந்து பேர். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கப்போ ஏரி, ஆவோராக்கி மலை, லிண்டிஸ் கணவாய், வனாக்கா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கடற்கரை, ஆர்தர் கணவாய் வழியாக மீண்டும் கிறைஸ்ட்சர்ச். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரத்தினும் இது சற்றுக் குறைவுதான்.

நானும் ஓட்ட விரும்பியதால் புறப்படுமுன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டேன். 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது இது. இதற்காகத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கிடைக்கிறது. ஓராண்டுக்குச் செல்லும். இதனோடு நம் சொந்த உரிமத்தையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். உரிமம் இல்லாமல் அனுமதிக்கு மதிப்பில்லை.

நியூசிலாந்தில் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்டுகிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆயினும் ஜி.எஸ்.டி. சாலையில் முப்பது ஆண்டு கார் ஓட்டியவனுக்கும் அந்த வண்டி புதிய பாடமே. வேகம் ஒன்றரை மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகும் என்று வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மூன்றரை டன் எடையுள்ள வண்டியின் தடையை மலைச்சரிவில் மிதித்தபோதுதான் அந்த வர்க்கக் குறியின் பொருள் காலுக்கு எட்டிற்று. மேற்குக் கடற்கரையிலே ஆறுகள் மிகுதி. அவற்றின் மேல் ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க பாலங்களும் மிகுதி. பாலத்துக்கு முன்னால் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். நம் திசையைக் காட்டும் அம்பு பெரிதாயிருந்தால் முதலில் நாம் போகலாம். சிறிதாயிருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். ஒலிப்பானை யாரும் தொடுவதில்லை. இதைப் பார்த்த என் இல்லாள், "பல்லாவரத்தில் இப்படி இரண்டு அம்பு வரைந்தால் போதுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

வண்டிக்குள்ளே இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மின்கலங்கள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று வீட்டு விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும். இரவெல்லாம் விளக்கெரித்தாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டுமல்லவா? அதற்காகவே இந்தப் பிரிவினை. நம் வீட்டு இன்வெர்ட்டரின் தம்பி என்று அந்த இரண்டாவது மின்கலத்தைச் சொல்லலாம். சமையலுக்கு வாயு உருளை. வண்டி ஓடும்போது அதன் வாயிலை மூடிவிட வேண்டும். அலமாரிகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் உண்டு. அவற்றைப் போட மறந்ததன் பயனாக, முதல் வளைவிலேயே சாம்பார்ப் பொடி டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. பத்து நாளும் வண்டி முழுவதும் சாம்பார் மணம்.

இனித் தண்ணீருக்கு வருவோம். நான் விரித்துச் சொல்ல விரும்புவது இதனையே.

எங்கள் வண்டியின் தொட்டி ஏறத்தாழ 80 லிட்டர் கொள்ளும். 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ எடை. வளர்ந்த மனிதர் ஒருவரைக் கூடுதலாக ஏற்றிச் செல்வது போல. அதனால்தான் தொட்டியைப் பெரிதாக வைப்பதில்லை. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 16 லிட்டர். நம் நாட்டிலே பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்துத் திட்டம் போடுகிறார்கள். நாங்கள் முதல் நாள் அந்தப் பழக்கத்திலேயே குழாயைத் திறந்தோம். டெக்கப்போ ஏரிக்கரையில் மாலை ஆறு மணிக்குக் குழாய் காற்றை ஊதிற்று. கண்ணெதிரே ஏரி நிறைய நீல நீர். பனியாறுகள் அரைத்த பாறைத் தூள் கலந்ததால் வந்த நிறம் அது. உள்ளே அரிசி களையத் தண்ணீரில்லை.

அன்று இரவே என் இல்லாள் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டாள். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் லாரிக்குப் பின்னால் குடங்களோடு வரிசையில் நின்றவள் அவள். பாத்திரம் கழுவ ஒரு வாளி, அரிசி களைந்த நீரிலே காய்கறி, பல் துலக்க ஒரு குவளை என்று சட்டம் போட்டாள். பேரன் முதலில் முகம் சுளித்தான். இரண்டாம் நாள் அவனே தொட்டியின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்து, "பாட்டி, இன்னும் பாதி இருக்கு" என்று அறிவிக்கத் தொடங்கிவிட்டான். 80 லிட்டர் இரண்டு நாள் வந்தது. முகாம்களில் குளியலறை இருந்தபடியால் குளியல் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் ஏற்றுவது பாதிக் கதை. ஏற்றிய தண்ணீர் எங்கேனும் போக வேண்டுமே! நம் வீடுகளில் அது சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. மோட்டார் வீட்டில் மறைவதற்கு இடமில்லை. கழுவிய நீர் ஒரு தொட்டியிலும், கழிப்பறைக் கழிவு மற்றொரு சிறு பெட்டியிலும் நம்மோடேயே பயணம் செய்கின்றன. நியூசிலாந்தின் சட்டம் இதில் கண்டிப்பானது. பொது இடங்களில் வண்டியை நிறுத்தித் தங்குவது பற்றி அங்கே 2011இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2023இல் அதனை மேலும் இறுக்கினார்கள். தன்னிறைவுள்ள வண்டி என்று சான்று பெற வேண்டுமானால், மூன்று நாளுக்கு ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 4 லிட்டர் வீதம் நல்ல தண்ணீரும், கழிவை மூன்று நாள் தேக்கி வைக்கத் தொட்டிகளும், நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் வண்டியில் இருத்தல் வேண்டும். ஆற்றங்கரையிலோ சாலையோரத்திலோ ஒரு சொட்டும் ஊற்றலாகாது. ஊர்தோறும் அதற்கென்று இடங்கள் அமைத்திருக்கிறார்கள். அங்கே போய்த்தான் கொட்ட வேண்டும்.

கழிப்பறைப் பெட்டி ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும். வண்டியின் புறத்தே ஒரு சிறு கதவைத் திறந்து அதனை இழுத்தெடுக்கலாம். பயணப் பெட்டி போலச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. வனாக்காவில் அது நிரம்பிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. மருமகன் கையுறையை எடுத்தார். நானும் கீழே இறங்கினேன்.

"மாமா, நீங்கள் உள்ளே இருங்கள். இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். மாமனார் கையில் அந்தப் பெட்டியைக் கொடுப்பதா என்ற சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது. "சென்ற முறை நீங்கள் செய்தீர்கள், மாப்பிள்ளை, இம்முறை என் முறை" என்று வாங்கிக்கொண்டேன். தைரியம் பேச்சிலேதான் இருந்தது. மூடியைத் திருகி, மூச்சை அடக்கி, மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அதற்கென்று இருக்கும் தனிக் குழாயில் மூன்று முறை அலசி, மருந்து நீரை அளந்து ஊற்றி, பெட்டியை மீண்டும் உள்ளே தள்ளினேன். பத்து நிமிட வேலை. அறுபத்து நான்கு வயதில், என் குடும்பத்தின் கழிவை என் கையால் அகற்றியது அதுவே முதல் முறை.

அப்பொழுது எனக்கு ஒருவர் நினைவு வந்தது. நான் தலைமையாசிரியராயிருந்த பள்ளி ஒன்றில், காலை மணி அடிக்குமுன்பே வந்து கழிப்பறைகளைக் கழுவிவிட்டுப் போகும் அம்மையார் ஒருவர் இருந்தார். மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்து வந்தோம்; வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு வரி இல்லை. ஒருநாள் அவர் என் அறை வாசலில் நின்று கையுறை வேண்டும் என்று கேட்டார். "அடுத்த மாதம் பார்ப்போம், அம்மா" என்றேன். அந்த அடுத்த மாதம் நான் வாங்கிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய பெயரும் நினைவில்லை. ஆயிரம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவன் என்று நான் பெயர் எடுத்திருந்தேன்.

வனாக்காவிலிருந்து கிறைஸ்ட்சர்ச் வரும் வரை அந்த வேலையை நானே செய்தேன். மருமகன் பிறகு தடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வாடகைக் கூடத்து இளைஞர் முதலில் பார்த்தது வண்டியில் கீறல் இருக்கிறதா என்பதை அன்று. குனிந்து கழிவுத் தொட்டிகள் இரண்டும் காலியா என்பதைத்தான் பார்த்தார். அதன் பிறகே டீசல், ஓடிய தூரம், மற்றவை. அந்நாட்டில் டீசல் வண்டிக்கு ஓடிய தூரத்தின்படி சாலைக் கட்டணமும் உண்டு. வாடகை பேசும்போதே அதனைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக் கழிவுத் தொட்டி நிரம்பினால் லாரிக்குச் சொல்லுவோம். இருவர் வந்து குழாயை இறக்குவர்; அரைமணியில் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது என் வழக்கம். கழிவுத் தொட்டிக்குள் தக்க காப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதன் பின்னரும் நம் நாட்டில் அத்தொட்டிகளில் உயிர்கள் போயிருக்கின்றன. ஊர் திரும்பிய பின், மே மாதத்தில் லாரி வந்தபோது நான் வாசலுக்குப் போனேன். வந்தவர்களில் ஒருவரிடம் கையுறை இருந்தது; மற்றவர் வெறுங்கையால் குழாயைப் பிடித்திருந்தார். இருவர் பெயரையும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் நல்ல ரப்பர் கையுறையாக இரண்டு ஜோடி வாங்கினேன். விலை ஒன்றும் அதிகமில்லை. வாசலுக்குப் பக்கத்து அலமாரியில், குடைகளோடு அவை இருக்கின்றன.