எந்தக் காண்டத்தில் தொடங்குவது?

பல வீரர்கள் ஒன்றுசேரும் படக்கதை கிடைத்தால், முதலில் எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று குழந்தைகள் திண்டாடுகிறார்கள். கந்தபுராணத்தைப் பிரிக்கும் நமக்கும் அதே திண்டாட்டந்தானே! காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியார் பாடியவை 6 காண்டங்கள்; 10,000-க்கு மேற்பட்ட பாடல்கள். வீரவாகு, சூரபத்மன், வீரபத்திரர் என்று எத்தனை பேர்! தொடக்கத்திலேயே மலைத்துப்போய்ப் பூஜை அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

சகோதரிகளே, கடைசியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். தக்க காண்டத்தின் முடிவில் வள்ளியம்மை திருமணம் வருகிறது. தினைப்புனம், கிழவர் வேஷம், மிரட்ட வரும் யானை! கதை தானே இழுத்துச் செல்லும். வள்ளியுடன் முருகன் வந்து தங்குவது திருத்தணிகையில். 365 படி ஏறியவர்களுக்கு அந்த மலை கண்முன் நிற்கும். அடுத்து யுத்த காண்டம். சூரன் மயிலும் சேவலுமான கதையைக் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். பிறகு முதல் காண்டத்தைத் திறந்தால், வருகிறவர்களெல்லாம் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்!